பெருக்கல் குறி போட்ட கல்லைத் தேடி ஜிகணிக்கு

2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து ஜிகணி வரை போய்வந்தேன். ஜிகணிக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. கல் அறுக்கும் பட்டறைகளும் லாரிகளும் வெள்ளைத் தூசியும்தான் அங்கே. என் வீட்டுத் தரைக்கு வந்து காணாமல் போன ஒரு கல்லைத் தேடி, கடுங்கோபத்தில் கிளம்பினேன். வீட்டுக்குக் கல் வாங்கப் போகிறவர்களுக்கும், ஃபாசில், அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிர் என்றால் கால் நகராமல் நின்றுவிடும் என்னைப் போன்றவர்களுக்கும் பயன்படும் என்று வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுநடுவே திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஃபாசில் எங்கே பார்க்கலாம் என்று மெயில் அனுப்புகிறவர்களுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி. இந்த ஊர்ப் பாறை ஏறக்குறைய முந்நூறு கோடி வருஷப் பழசு. ஓடும் எலும்பும் உள்ள உயிர் எதுவும் உலகத்தில் தோன்றாத காலம் அது. லால்பாக் பாறையில் தவழ்ந்து தேடினாலும் ஒரு நத்தை கிடைக்காது. இங்கே ஃபாசில் வேண்டுமென்றால் அது லாரியில் வந்தால்தான் உண்டு. ராஜஸ்தானிலிருந்து அப்படி வருகிறது ஜெய்சால்மர் மஞ்சள் கல். அந்தப் பாலைவனம் பதினைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அடியில் கிடந்தது. நானோ அரியலூர்க்காரன். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கடல் உயிர்களெல்லாம் அரைபட்டு சிமெண்ட் மூட்டையாகப் போவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலோடு வளர்ந்தவன்.

என் மனைவி கல்பனாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜோகுபாளையத்தில் இருக்கிறது. அந்த வீட்டின் மேல் எங்களுக்காக ஒரு மாடி கட்டினோம். தரைக்கு அந்த மஞ்சள் கல்லைத் தேர்ந்தெடுக்க ஜூனில் இருவரும் ஜிகணிக்குப் போனோம். பாலிஷ் போடாத கல் பார்க்க மங்கலாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால்தான் நிறமும் ரேகையும் தெரியும். அங்கே ஒரு பெண் கல்லை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு கல்லில் துணி பட்டதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள் எழுந்தது. அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம், டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோன இனம். உள்ளே அறை அறையாகப் பிரிந்திருந்தது கூடத் தெரிந்தது. "இது ஹால் வாசல்ல இருக்கட்டும், வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்" என்று என் காதோரம் சொன்னாள் கல்பனா. விற்பனைப் பிரிவு இளைஞரிடம் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கல் பதிக்கப் போகிற பழனி மேஸ்திரியிடமும் சொன்னேன். அவர் வேறு வேலையில் இருந்தபடியே தலையாட்டினார்.

கல் பதித்த வாரம் எனக்குச் சென்னையில் வேலை. திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் பாலிஷே முடிந்துவிட்டது. தரை பளபளவென்று இருக்கிறது, சுருளைக் காணோம். மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பத்தூர் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. பாலிஷ் மெஷின் ஓட்டுகிறவர்தான் சொன்னார்: "டேமேஜ் பீஸா சார்? டேமேஜ்னு பெருக்கல் குறி போட்ட கல்லெல்லாம் ஜிகணி யார்டுக்கே திரும்பிப் போயிரும். அதான் வழக்கம்."

டேமேஜாம். நான் சாப்ட்வேரில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். எது குறை என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தப் பிராணி வாழ்ந்து, செத்து, சேற்றில் புதைந்து, கல்லாகி, ரம்பத்துக்கும் தப்பித்து என் வாசல் வரை வந்திருக்கிறது. அதற்கு டேமேஜ் என்று பெயர் வைக்க இவர்கள் யார்?

காலை 7.10க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். சில்க் போர்டு வரை ஆட்டோ, ஒன்பதரை கிலோமீட்டர், மீட்டரில் 62 ரூபாய். மேம்பாலத்துக்காக ஓசூர் ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பதினான்கு கிலோமீட்டரைக் கடக்க பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, டிக்கெட் பத்து ரூபாய். ஹெப்பகோடியில் இறங்கி இரண்டு இட்லியும் காபியும் சாப்பிட்டேன், பதினாறு ரூபாய். அங்கிருந்து ஜிகணிக்கு ஷேர் ஆட்டோ, எட்டு ரூபாய். டிரைவர் தர்மபுரிக்காரர். மடியில் பை இல்லை, கையில் டிபன் பாக்ஸ் இல்லை என்பதைக் கவனித்துவிட்டார்.

"வேலைக்குப் போற மாதிரி தெரியலையே சார்?"

"இல்ல, ஒரு கல்லு காணாமப் போச்சு."

"ஜிகணியில ஒரு கல்லத் தேடுறீங்களா?" என்று கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். யார்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

உள்ளே போனபோது பத்தரை. விற்பனை இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். ஆபீஸில் இருந்தவர், "ரிட்டர்ன் எல்லா ஹிந்தே இதே, நோடி" என்று கன்னடத்தில் சொல்லிப் பின்பக்கம் கை காட்டினார். அங்கே துணியும் வாளியுமாக உட்கார்ந்திருந்தவர், ஜூனில் எங்களுக்குக் கல் துடைத்துக் காட்டிய அதே பெண். பெயர் செல்வி. கிருஷ்ணகிரிப் பக்கம், ஹெப்பகோடியில் குடியிருக்கிறார். பக்கத்தில் நாலு அங்குலப் பட்டைகளாக அறுத்த மஞ்சள் கல் ஒரு குவியல்.

"சுவரோரம் ஒட்டுற பட்டைங்க. பூச்சி விழுந்த கல்ல இதுக்கு அறுத்துடுவாங்க" என்றார்.

"பூச்சியா?"

ஒரு குவளை தண்ணீரைக் குவியல் மேல் ஊற்றினார். பட்டைக்குப் பட்டை சிப்பி, பாதியாகவும் காலாகவும் வெட்டுப்பட்டுக் கிடந்தது. செல்வி விரலை வைத்துக்கொண்டே போனார். "இது சங்கு. இது பென்சில். இது முறுக்கு. எல்லாமே பூச்சிதான்." அவர் முறுக்கு என்றது அம்மோனைட்டை. பென்சில் என்றது பெலம்னைட், அதுவும் கணவாய் வகைதான். நான் குனிந்து தேடி ஒன்று கண்டுபிடிப்பதற்குள் அவர் ஆறு காட்டிவிட்டார். காய்ந்த கல்லிலேயே அவருக்குத் தெரிகிறது. ஃபாசில் தேடுகிற எத்தனையோ பேரோடு சுற்றியிருக்கிறேன், இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணுக்கு இங்கே கொடுத்திருக்கிற வேலை, கண்டுபிடித்ததும் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளுவது.

அது என்னவென்று சொன்னேன். கடல், சேறு, கோடி வருஷம் எல்லாம்.

"பாலைவனத்துல கடலா?" என்று கேட்டுவிட்டு ஒரு பட்டையை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். "ஆறு வருஷமாப் பெருக்கல் போடுறேன். ஒருத்தரும் சொல்லலீங்க."

என் கல்லின் அடையாளம் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. திரும்பி வந்தவற்றில் அது இல்லை என்று பார்க்காமலே சொன்னார். "மேஸ்திரி யாரு? பழனியா? அவரு திருப்பி அனுப்ப மாட்டாருங்க. கவுத்துப் போட்டுடுவாரு."

அங்கிருந்தே திருப்பத்தூருக்கு மறுபடி போன் போட்டேன், கிடைத்தது. பின்னணியில் நாதஸ்வரம். மேஸ்திரி உற்சாகமாகச் சொன்னார்: "ஆமா சார், பெருக்கல் போட்டு வந்துச்சு. நல்ல பக்கத்த மேல வெச்சு வாசல்லருந்து மூணாவதாப் போட்டுட்டேன். வேஸ்ட் பண்ணல." எடுக்க முடியுமா என்று கேட்டேன். "சிமெண்ட் பிடிச்சிருச்சு சார். நெம்புனா நாலாப் போயிரும்."

போனை வைத்தேன். கத்துவதற்கு எதிரில் செல்வி மட்டும்தான் இருந்தார். "அந்தக் கல்லைத்தான் வேணும்னு கேட்டு வாங்கினோம். ஏங்க பெருக்கல் போட்டீங்க?" என்றேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அது வேணும்னு எனக்குத் தெரியாதுங்களே. இங்கிலீஷுல பேசிட்டிருந்தீங்க. அந்தத் தம்பி எல்லாத்தையும் ஏத்தச் சொல்லிட்டாரு. புதுசா வீடு கட்டுறாங்க, பூச்சிக் கல்லு போய் வாசல்ல விழுந்துடக் கூடாதேன்னு நான்தான் ஓடிப்போய் லாரியில வெச்சே போட்டேன்."

வந்த வழியெல்லாம் எத்தனை பேரைத் திட்டிக்கொண்டு வந்தேன். கல் வியாபாரி, மேஸ்திரி, சுத்தமான தரை கேட்கிற இந்த ஊர்க்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் நியாயம்தான். ஆனால் ஜூனில் அந்தச் சுருளை முதலில் வெளியே கொண்டுவந்தது இவர் கைதான். இரண்டடி தூரத்தில், ஈரத்துணியோடு நின்றிருந்தார். தமிழில் ஒரு வார்த்தை போதும். கல்லுக்குள் பதினைந்து கோடி வருஷத்தைப் பார்த்தவன் எதிரில் நின்ற ஆளைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது மழை. வீடு வந்து சேர மூன்றே கால் ஆகிவிட்டது. கல்பனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூன்றாவது கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடலாம்" என்றாள்.

போகிறவர்களுக்கு: போக வரச் செலவு இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். ஞாயிறு யார்டு கிடையாது, சனிக்கிழமை காலை நல்லது. மூக்குக்குக் கைக்குட்டையும் கையில் தண்ணீர் பாட்டிலும் அவசியம். அறுத்த பட்டைக் குவியலைக் கட்டாயம் பாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. கல் பதிக்கும் நாளில் ஊரில் இருங்கள். பிடித்த கல் இருந்தால் முதலாளியிடம் சொல்லுங்கள், மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால் சுண்ணக்கட்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடம், அவருடைய மொழியில் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. எங்கள் ஹாலில் மூன்றாவது கல் குப்புறக் கிடக்கிறது.