டீசல் பீப்பாயும் எங்கள் பீலித் தண்ணீரும்

காலையில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீரைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்து மிஸ் ஒருவர் வந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வழக்கம்போல முதலில் பிளேன்டீ கொடுத்தோம்.

எண்ணெய் கலந்திருந்தால் காட்டும் சென்சாரைத் தண்ணீரில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"மேல ஊத்துக்கிட்ட தண்ணிய எதுல பிடிக்கிறீங்க?"

"பழைய டீசல் பீப்பாய்லதாங்க மிஸ். வாசம் போற வரைக்கும் நான்தான் சவுக்காரம் போட்டுத் தேச்சேன்."

"மூக்குக்குத் தெரியாதது இதுக்குத் தெரியுங்க," என்றார். "இனி குடிக்காதீங்க."

மகள் அதே தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள். டீச்சருக்குப் போன் எடுத்தேன், பதில் இல்லை. அவளைத் தேடிப் பள்ளிக்குப் போகும் கொட்டகலை பஸ்ஸில் இருந்துதான் எழுதுகிறேன்.

நான் கிளம்பும்போது மிஸ் மீதி டீயைச் சத்தமில்லாமல் வேலியோரம் ஊற்றியதைப் பார்த்தேன்.

நாங்கள் ஆறு மாதமாகக் குடிக்கிறோம்.

உங்கள் லயத்துப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது?