எத்தனை அடியில் தண்ணீர்?

மாடர்ன் ஆர்ட் தொழிலில் வரைவது பாதி வேலை, ‘இது என்ன?’ என்று கேட்கிறவர் முன்னால் சிரித்த முகமாக நிற்பது மீதிப் பாதி. இதே பாடு படுகிற சக ஓவியர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்லப்போவது ஒரே படத்தின் கதை. மகள் புனேக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள், நான் கூடாது என்றேன், போய்விட்டாள். நாற்பது நாள் பேசவில்லை. மனதில் இருந்ததைத் தினமும் கேன்வாஸில் இழுத்தேன். மேலே ஊதா கலந்த செம்மண் நிறம், அது என் கோபம். அதற்குக் கீழே திட்டுத்திட்டாகச் சாம்பல். நாற்பதாம் நாள் போன் வந்தது. “சாப்பிட்டியாம்மா?” என்றாள். அடியில் ஒரு விரற்கடை நீலம் வைத்து முடித்தேன். ஒருவருக்காவது இது எட்ட வேண்டும், எட்டாவிட்டால் வெள்ளையடித்து அதன் மேலேயே வேறு வரைவது என்று முடிவு செய்திருந்தேன்.

கொக்கி

பிரேம் கடைக்காரர் படத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம் கீழே வர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் போனால் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. ஏன் என்று கேட்டேன். மனிதர் நிதானமாகச் சொன்னார்: “எதுக்கும் இருக்கட்டுமுங்க. ஊட்டுல எல்லாருங் கலந்து பேசி முடிவு பண்ணிக்கோங்க.”

குணமாயிருச்சா?

அஸ்தம்பட்டியில் தோல் டாக்டரான என் தோழி, நோயாளிகள் உட்காரும் இடத்தில் அதை ஆசையாக மாட்டினாள். பத்தே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காரணம், பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றவர், கண் கலங்கி நர்ஸிடம் கேட்டாராம்: “பாவம், இவுங்களுக்குக் கொணமாயிருச்சுங்களா?”

தவக்காலம்

எங்கள் பங்குச் சாமியார் நல்லவர். மாதா கோயிலுக்குள்ளேயே, பாடற்குழுவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் அது, மாதா, புனிதர் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்கும் ஸ்டெல்லா அக்கா ஒவ்வொரு ஞாயிறும் என் படத்தைப் பார்த்தபடியே பாடினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஈஸ்டர் வந்தது, சுரூபங்களின் துணியை எடுத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எல்லாத்தையும் தொறந்துட்டாங்க, உன் படத்து மேல இருக்கறத மட்டும் ஏன் கண்ணு இன்னும் எடுக்கல?”

சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வந்து கொஞ்சம் அழுதேன்.

ரிக் வண்டிக்காரர்

இந்தக் கோடையில் எங்கள் வீட்டு போர்வெல் வற்றியது. புது போர் போட இடம் பார்க்க மல்லசமுத்திரத்திலிருந்து ரிக் வண்டிக்காரர் வந்தார். முன்னறையில் படத்தைச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர்ச் செம்போடு அவர் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். இது என்ன என்று கேட்கவேயில்லை. விரலை மேலிருந்து கீழே இறக்கினார்.

“மேல செம்மண்ணு. அப்பறம் பூராவும் பாற, வெறும் புழுதியாத்தான் வந்திருக்குது. போதுமுன்னு நிறுத்தப் போறப்பத்தானுங்க தண்ணி வந்திருக்குது? எத்தன அடிங்க?”

“நாப்பதுங்க” என்றேன்.

பெயின்ட் டப்பாவை நான் மூடுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாப்பதுலயேவா? குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. சில பக்கம் ஆயிரம் போனாலும் வாரதில்லீங்க.”

இத்தனை வருடத்தில் என் படத்தைச் சரியாகப் படித்த ஒரே மனிதர், பிறகு எங்கள் வாசலில் எழுநூறு அடி போட்டும் புழுதியைத் தவிர வேறெதையும் எடுத்துத் தராதவர்தான்.