முப்பத்திரண்டாவது நகர்த்தல்

எங்கள் செஸ் சங்கத்தின் இதழுக்கு நான் ஆசிரியராக இருந்தவன் என்று இப்போதும் சிலர் மரியாதையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்த இதழுக்கு ஆசிரியர் என்று யாராவது இருந்திருந்தால் அது அதன் கடைசி அட்டைதான். பெரம்பலூரில் செஸ் பயிற்சி மையம் நடத்துகிற ஒருவரின் முழுப்பக்க விளம்பரம் இதழ் தவறாமல் அதில் வரும். அவர் கைகட்டி நிற்கிற படம், மேலே கொட்டை எழுத்தில் ‘இரு மாவட்டங்களிலும் தோல்வியே காணாத பயிற்சியாளர்’ என்ற வரி. அவருக்கு முன்னால் இருக்கும் பலகையில் ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்பார்கள். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், யாரும் திருத்தவில்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சேர்த்து ஒரே சங்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதழ் உறுப்பினர் வீடுகளுக்குத் தபாலில் போகும். போட்டி முடிவுகள், ஆட்டங்கள், ஒரு புதிர், மிச்சமெல்லாம் விளம்பரம். நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து, அச்சுக்குப் போகிற ஒவ்வொரு ஆட்டத்தையும் பலகையில் வைத்து முதல் நகர்த்தலிலிருந்து கடைசி வரை ஆடிப் பார்ப்பேன். ஒரு எண் தப்பினாலும் ஆட்டமே தப்பு. சம்பளம் இல்லாத வேலை. பிடித்துத்தான் செய்தேன்.

கடைசி அட்டைதான் அச்சுச் செலவையும் தபால் செலவையும் சுமந்தது என்பதை மறுக்க மாட்டேன். அதனால்தான் அந்தப் பயிற்சியாளரைப் பற்றிப் பேச்சு வந்தால் சங்கத்தில் எல்லோருடைய குரலும், சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல் இறங்கிவிடும். செயலாளர் பெரம்பலூரில் உரக்கடை வைத்திருப்பவர். அவருக்குக் குரல் மட்டும் இல்லை, முதுகும் இறங்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை பெரம்பலூர் உறுப்பினர்களுக்கும் அரியலூர் உறுப்பினர்களுக்கும் ஒரு போட்டி நடக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் எட்டுப் பலகை போடுவார்கள், அணியில் நன்றாக ஆடுகிறவருக்கு முதல் பலகை. ரேட்டிங் கணக்கில் சேராத போட்டி என்பதால் எங்கள் இதழில் வருவதுதான் அதற்குப் பதிவு. போன வருடம் எங்கள் அரியலூர் அணியில் முதல் பலகைக்காரருக்குக் காய்ச்சல். பயிற்சியாளருக்கு எதிரே உட்கார ஒருத்தனும் தயாராக இல்லை. தோற்கத்தான் போகிறோம், யாரையாவது உட்கார வைப்போம் என்று கடைசிப் பலகையில் இருந்த பெண்ணைத் தூக்கி முதல் பலகையில் போட்டார்கள். நானும் அந்த அணியில்தான் இருந்தேன், நானும்தான் தலையாட்டினேன்.

அவர் வரதராஜன்பேட்டைக்காரர். முப்பது வயது இருக்கும். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, கணவர் முந்திரி லோடு வண்டி ஓட்டுகிறார். யாரிடமும் சேர்ந்து படிக்காமல், கடைக்கு நகல் எடுக்க வந்த செஸ் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தே கற்றுக்கொண்டவர். வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்து, நிமிராமல் முப்பத்தொரு நகர்த்தல் ஆடினார். முப்பத்திரண்டாவதில், ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தன் யானையால் வெட்டி செக் வைத்தார். அந்த யானையை எடுத்தாலும் மேட், எடுக்காவிட்டாலும் மேட், அதிகம் போனால் மூன்று நகர்த்தல். பயிற்சியாளர் பத்து நிமிடம் பலகையையே பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார். நகர்த்தல்களைக் கையால் எழுதிவைத்த ஆட்டத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தக் கணக்கில் பெரம்பலூர்தான் ஜெயித்தது, அதைப் பற்றி எங்களில் யாருக்கும் கவலை இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் அந்த யானையைப் பற்றியேதான் பேசிக்கொண்டு போனோம்.

அந்த ஆட்டம் அச்சில் வருவதில் அவருக்கு ஒரு பெரிய விஷயம் இருந்தது. அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பகுதி நேரமாகச் செஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். தலைமையாசிரியை எங்கள் இதழின் சந்தாதாரர். “புக்குல வரட்டும்மா, அதைக் கமிட்டில காட்டி உங்க பேரைச் சொல்றேன்” என்று அவரிடம் சொல்லியிருந்தார். ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் நாள் முழுதும் நிற்கிற ஒருவருக்கு, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆசை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “எப்ப சார் வரும்?” என்று இரண்டு முறை போன் செய்து கேட்டார்.

ஆட்டத்தை முழுதாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுநாள் செயலாளர் போன் செய்தார்.

“சார், அந்த முதல் பலகை ஆட்டம் வேணாமே. அட்டைல தோல்வியே காணாதவர்னு போட்டுட்டு, உள்ள அவரு தோத்ததைப் போட்டா நல்லாவா இருக்கும்?”

“அப்ப அட்டையை மாத்தச் சொல்லுங்க.”

“அட்டையை மாத்துனா அட்டையே இருக்காதுங்க. அவரே கூப்புட்டுட்டாரு. ஒரு வரியைக் கொஞ்சம் பார்த்துச் செஞ்சா முடிஞ்சுடும்.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. “என்னமோ பண்ணித் தொலைங்க!” என்று கத்திப் போனை வைத்தேன். அச்சுக்கு முந்தைய பிரதி வாட்ஸ்அப்பில் வந்தது. வீம்புக்கு அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் எதிர்ப்பைக் காட்டிவிட்டதாக எனக்கு நினைப்பு. என் மனைவி அப்போதே கேட்டாள்: “கோவம் இருக்கிற எடத்துல குணம் இருக்கும்பாங்க. உங்ககிட்ட ரெண்டாவது எப்பங்க வரும்?” அவளிடமும் கத்தினேன்.

இதழ் வந்தது. ஆட்டம் இருந்தது, இருவர் பெயரும் இருந்தன, முப்பத்தொரு நகர்த்தலும் சரியாக இருந்தன. முப்பத்திரண்டாவது மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் ‘டிரா’ என்று போட்டிருந்தார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தார் செயலாளர். ஒரு பெண் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஜெயித்ததை எடுத்து, விளம்பரம் கொடுப்பவர் காலடியில் உடைத்துவிட்டார்.

இதில் கேவலம் எது என்று செஸ் ஆடாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாசகர்கள் ஆட்டத்தைக் கண்ணால் படிக்க மாட்டார்கள். பலகையை எடுத்து வைத்துக் காய்களை நகர்த்தித்தான் படிப்பார்கள். முப்பத்தொன்றாவது நகர்த்தலில் நிறுத்தினால், வெள்ளை யானை அடிக்கத் தயாராக நிற்பது நேற்று ஆடப் பழகியவனுக்கும் தெரியும். அந்த இடத்தில் வெள்ளைக் காய் ஆடியவள் டிராவுக்குச் சம்மதித்தாள் என்று அச்சில் இருந்தால் வாசகன் என்ன நினைப்பான்? ஜெயித்த பெண்ணின் வெற்றியைப் பிடுங்கியதோடு நிற்காமல் அவரை முட்டாளாகவும் ஆக்கிவிட்டோம்.

அரும்பாவூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: மூன்று நகர்த்தலில் மேட் இருக்கும்போது டிரா கொடுத்த புண்ணியவதி யார் என்று. எறையூரிலிருந்து ஒருவர், பெரிய ஆளைப் பார்த்ததும் பெண்பிள்ளைக்குக் கை நடுங்கிவிட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை ‘வாசகர் கடிதம்’ பகுதியில் போடலாம் என்று செயலாளர் என்னிடமே அனுப்பி வைத்தார். கிழித்துப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண்ணே என் வீட்டுக்கு வந்தார். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர்கூட வாங்கவில்லை.

“கமிட்டில ஒருத்தரு செஸ் தெரிஞ்சவராம் சார். போர்டு வெச்சுப் பாத்துட்டு, மூணு மூவ்ல மேட் இருக்கு, அதுகூடத் தெரியாத பொண்ணு புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித் தரும்னு கேட்டுட்டாராம்.”

“கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டலையாம்மா?”

“காட்டுனேன். கையில எழுதுனதைவிட அச்சுல வந்ததைத்தான் நம்புவாங்களாம். இன்னும் முடிவு பண்ணலை, திருத்தம் வந்தா பாக்கலாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்கதான சார் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆடிப் பாத்துட்டு அனுப்புவீங்க?”

அவமானமாக இருந்தது. அதை மறைக்க அந்த நிமிடமே பைக்கை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குக் கிளம்பினேன்.

செயலாளர் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அடுத்த இதழில் திருத்தம் போடச் சொன்னேன்.

“திருத்தம் போட்டா நாமளே பொய் எழுதுனோம்னு ஆயிடும் சார்.”

“எழுதினீங்கதானே?”

“ஒரு வரிதான சார். அரைப் பாயிண்டுல யாரு கோட்டை கட்டப்போறா? அவ்வளவு ஆசையா இருந்தா விளம்பரமா குடுங்க. காசு கட்டிட்டா யாரு எதைப் போட்டாலும் நாம தலையிடறதில்ல.”

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அங்கேயே விளம்பரப் படிவத்தைக் கேட்டு வாங்கி, பூர்த்தி செய்து, காசையும் கட்டினேன். அவர் முகம் கறுத்தது. ஆனாலும் ரசீது போட்டார். எங்கள் சங்கத்தில் மதிக்கப்பட்ட ஒரே விதி அதுதான்.

அரைப் பக்கம். முப்பத்திரண்டு நகர்த்தலும், கடைசி நிலையின் படமும், இரண்டு கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிற ஆட்டத்தாளும் வந்தன. இந்த முறை அச்சுக்கு முந்தைய பிரதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இதழ் வந்த அன்று, உலகத்தையே ஜெயித்தவன்போல் அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன்.

அவர் நிதானமானவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் முழுவதையும் படித்தார். அதன் தலையில் ‘விளம்பரம்’ என்று சின்ன எழுத்தில் இருந்தது. அடியில் ‘இதிலுள்ள கருத்துகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல’ என்றும் இருந்தது. இரண்டின்மேலும் விரலை வைத்தார்.

“இது காசு குடுத்துப் போட்டதுங்களா சார்?”

“ஆமாங்க.”

“செய்தின்னு வந்தது டிரான்னு சொல்லுது. விளம்பரம்னு வந்தது ஜெயிச்சாங்கன்னு சொல்லுது. இதை முன்னாடியே குடுத்திருந்தாலும் நான் கமிட்டிக்கு எதைங்க காட்டியிருப்பேன்? நீங்க சொல்றதை நான் நம்புறேன். அவங்க, அந்தப் பொண்ணு காசு குடுத்துப் பேரு வாங்கப் பாக்குதுன்னுதான் சொல்லியிருப்பாங்க.”

உண்மையை விளம்பரப் பக்கத்துக்குக் கொண்டுபோனவன் நான். கையெழுத்துத் தாளோடு நேராகக் கமிட்டி முன்னால் போய், ‘இந்த இதழின் ஆசிரியர் நான், நாங்கள் எழுதியது பொய்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. செயலாளரை மடக்க வேண்டும் என்ற வெறிதான் கண்ணை மறைத்தது. அன்றைக்கே கமிட்டியைப் பார்க்கிறேன் என்றேன். “நேத்தே முடிவாயிடுச்சு சார்” என்றார். பள்ளி அந்தப் பொறுப்பை ஒரு பயிற்சி மையத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டது. எந்த மையம் என்று நான் கேட்கவில்லை, எங்கள் கடைசி அட்டையில் இருப்பதுதான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். பயிற்சியாளர் அவரை நேரில் வரச் சொன்னாராம். அந்தப் பள்ளிக்கு வாரம் மூன்று நாள் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், மையத்தின் பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஆட்டம் தெரியும் என்பதை இரண்டு மாவட்டத்திலும் சந்தேகமில்லாமல் அறிந்தவன் அவன் ஒருவன்தான். போகாதீர்கள் என்றேன். அவன் உங்கள் தலைமேல் நின்று பெயர் வாங்கப் பார்க்கிறான், தன்மானம் என்று ஒன்று இருக்கிறது, இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“கோவப்பட உங்களுக்கு வசதி இருக்கு சார். மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும். நான் திங்கக்கெழமலேருந்து போறேன். சொல்லிட்டுப் போகலாம்னுதான் கூப்புட்டேன்.”

போனை அவர்தான் வைத்தார்.