பொன்னம்மா அண்ணி ஒத்துக்கிட்ட தப்பு

எங்க அண்ணிக்கு வாய் அதிகம்னு ஊருல பேச்சு. பேசட்டும். நாத்தனார் நான் சொல்றேன், அந்த வாய் இல்லேன்னா எங்க பள்ளத்து வயல்ல அந்த வருசம் நெல்லு இல்லீங்க.

அண்ணி பேரு பொன்னம்மாள். எங்கண்ணன் செல்லமுத்துவுக்கு வாக்கப்பட்டு மலைமேல எங்க அரியூர் நாட்டுக்கு வந்தது. அண்ணன் அதிர்ந்து பேசாது. ரெண்டு பேருக்கும் சேத்து அண்ணியே பேசிரும்.

தொண்ணூத்தொம்பதுல நல்ல மழை. ரோடு போடுற கான்ட்ராக்டர் குணசேகரனோட எண்ணெய் லாரி, எங்க வயலுக்கு மேல இருக்கிற வளைவுல கவுந்துருச்சு. டிரைவர் குதிச்சுத் தப்பிச்சுட்டான். கருப்பு எண்ணெய் அத்தனையும் ஓடையில எறங்கி மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வரைக்கும் போயிருச்சு. மாடு தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குதுன்னு கீழ்நாட்டுக்காரங்க பஸ்ஸை மறிச்சாங்க. பஸ்ஸை மறிச்சாத்தானே சர்க்காருக்குக் கண்ணு தெரியும்!

கார் காரா வந்தாங்க. ஆளுங்கட்சிக்காரர், "முந்தின ஆட்சியில போட்ட ரோடு, அதான் சரிஞ்சுது"ன்னாரு. எதிர்க்கட்சிக்காரர், "இந்த ஆட்சி குடுத்த கான்ட்ராக்ட், அதான் கவுந்துச்சு"ன்னாரு. குணசேகரன் கழுவுற மீன்ல நழுவுற மீனு. ரெண்டு பேருக்கும் எளநி சீவிக் குடுத்துட்டு ஓரமா நின்னுக்கிட்டான்.

எங்க ஊருல ஒரு வழக்கம். நம்ம மண்ணுல ஒரு கெடுதி நடந்துட்டா, மண்ணுக்காரங்க முதல்ல "தப்பு எங்களுதுங்க"ன்னு சொல்லணும். உடனே செஞ்சவன், "இல்லீங்க, தப்பு என்னுது"ம்பான். ரெண்டு பாதியும் சொன்னாத்தான் ஒருத்தர் ஊட்டுல ஒருத்தர் தண்ணி குடிக்கிறது. பொறவு ஒக்காந்து பேசித் தீத்துக்குவோம்.

லாரி கவுந்ததை விசாரிக்க ஆபீசர் அருணாசலம் வந்தப்போ, வயலுக்காரின்னு அண்ணி கையெடுத்துக் கும்புட்டுச்சு. "எங்க மண்ணுல நடந்துபோச்சு சாமி, தப்பு எங்களுதுங்க"ன்னு சொல்லிட்டு, பக்கத்துல நின்ன குணசேகரன் மொகத்தைப் பாத்துச்சு. அவன் வாயத் தொறக்கலை. ஆபீசர் மட்டும் எழுதிக்கிட்டாரு.

அடுத்த வாரமே உத்தரவு வந்துச்சு. எங்க வாய்க்காத் தண்ணி ரோட்டுக்கடியில ஊறித்தான் லாரி கவுந்துச்சாம், மலைக்காரங்களே ஒத்துக்கிட்டாங்களாம். இனிமே ஓடைத் தண்ணியை யாரும் திருப்பக் கூடாதாம். வாய்க்கா வாயில மணல் மூட்டையை அடுக்கி, மேல ஒரு போர்டும் நட்டாங்க. லாரி கவுந்த எடத்துக்கு மேலயே பிரியிற வாய்க்காங்க அது, ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது. எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு கட்சியும் இதுல ஒத்துப்போயிட்டாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நெல்லு கதிர் வாங்குற நேரம். அண்ணி ஆபீசுக்கு நடையா நடந்துச்சு. "நீயேதானம்மா சொன்னே, இப்ப மாத்திப் பேசுறியே"ன்னு அனுப்பிச்சுட்டாங்க. வயலு வெடிக்க ஆரம்பிச்சுருச்சு.

"உடு புள்ள, சர்க்காரோட மோதி ஆவுமா?"ன்னுச்சு அண்ணன்.

"அதை நெல்லுகிட்டப் போயிச் சொல்லுங்க. சர்க்கார் உத்தரவு, தாகத்தைப் பொறுத்துக்கன்னு"ன்னுச்சு அண்ணி.

ரோட்டைப் பாக்க ஆபீசர் மறுபடியும் வந்தாரு. கூடவே குணசேகரன். மண்டை காயுற வெயிலு. "ஏம்மா, குடிக்கத் தண்ணி குடு"ன்னான் அவன்.

அண்ணி சொம்போட வந்துச்சு. குடுக்கலை. "என் பாதியை நான் அன்னைக்கே சொல்லிட்டேனுங்க. உங்க பாதியைச் சொல்லுங்க, தாரேன்."

அவன் சிரிச்சான். அண்ணி அந்தத் தண்ணியை அப்படியே மொளகுக்கொடி வேர்ல ஊத்திருச்சு. பொறவு ஆபீசர்கிட்ட எங்க வழக்கத்தை எடுத்துச் சொல்லுச்சு. அவரு குணசேகரனை ஒரு பார்வை பாத்தாரு. "அதெல்லாம் உங்க ஊரு வழக்கம்மா. ஆபீசுல சொன்னது சொன்னதுதான்"னாரு.

"சரிங்க. அப்ப இதையும் பாத்துக்குங்க."

சீலையை இழுத்துச் சொருவிக்கிட்டு வாய்க்காலுக்குள்ள எறங்கிருச்சு. "கேஸ் ஆயிரும்மா!"ன்னு ஆபீசர் கத்துறாரு. மூட்டை ஊறிக் கெடக்குது, ஒத்தை ஆளா அசைக்க முடியலை. அடி ஆத்தி! அதிர்ந்து பேசாத எங்கண்ணன் எறங்கி மறுபக்கத்தைப் புடிச்சுது பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. நானும் குதிச்சேன். மூட்டை பொரண்டுச்சு, தண்ணி எங்க வயலுக்குப் பாஞ்சுது.

சேத்துக் கையோட அண்ணி ஆபீசர் முன்னால வந்து நின்னுச்சு. "அன்னைக்குச் சொன்னது மருவாதைக்கு. இன்னைக்குச் சொல்றது நெசம். தொறந்தது நானு. தப்பு என்னுது. எழுதிக்குங்க சாமி."

எழுதத்தான் செஞ்சாரு. கேஸும் போட்டாங்க. அதுக்குள்ள நாங்க நெல்லை அறுத்து ஊடு சேத்துட்டோம். கோர்ட்டுல ஜட்ஜு, "குத்தத்தை ஒத்துக்கறியாம்மா?"ன்னு கேட்டாரு.

"ஒத்துக்கறேனுங்க"ன்னுச்சு அண்ணி. சொல்லிட்டு, கோர்ட்டு பூராவும் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு.

"என்னம்மா தேடுறே?"

"குணசேகரன் வரலீங்களா சாமி?"