பாத்திரங்களுக்குச் சீட்டு ஒட்டியவன்

எங்கள் குடியிருப்பில் டிசம்பர் விருந்து முடிந்ததும் எல்லோரும் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். டொராண்டோவுக்கு மேற்கே நாங்கள் வாழும் கட்டடத்தின் பொது அறையில், கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்பவர்கள், கேக் சுட்ட கண்ணாடி ட்ரேக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடிப்பார்கள். அங்கே மாஸ்கிங் டேப் துண்டு ஒன்று இருக்கும். அதில் பெயர், வீட்டு எண். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அவரவர் பாத்திரத்தோடு மட்டும் அவரவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடலாம்.

நாங்கள் போன முதல் வருடம் இது எங்களுக்குத் தெரியாது. எதிர் வீட்டு கேரல் என்ற அம்மையார் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்த ட்ரேயை, என் மனைவி மலர் எலுமிச்சை சாதத்தால் நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எங்கள் ட்ரே ஒன்று அவர் வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் அது பளபளவென்று கழுவப்பட்டு, ஒரு நன்றி அட்டையோடு, காலியாக வந்தது. மலர் சோழவரத்துப் பெண். ட்ரேயின் உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னாங்க, காலியா அனுப்பிக்கீறாங்க? நம்ம மேல எதுனா கோவமா?” என்றாள். மறுநாள் லிஃப்டில் கேரலைப் பார்த்தபோது, ஏதாவது குறையா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். ட்ரேயைச் சரியாகக் கழுவவில்லை என்று நான் குறைபட்டுக்கொள்வதாக அவர் எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு, வாங்கிப் போய், அன்று மாலையே திருப்பித் தந்தார். இன்னும் பளபளப்பாக, இன்னும் காலியாக.

பதினொரு வருடம் ஆகிவிட்டது. பகலெல்லாம் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை எனக்கு. டிசம்பர் விருந்துக்கும் சீட்டு ஒட்டும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். எதற்கும் தேதி எழுதிவைக்கிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால் பெயர், எண்ணோடு தேதியும் போடுவேன். காலிப் பாத்திரத்தைப் பார்த்து மலர் இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதற்கு அவளுக்கும் தெம்பில்லை.

இந்தப் பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். மலருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. புதுவாயலுக்குப் பக்கத்தில் அண்ணன் வீடு, கொஞ்சம் நெல் நிலம். அங்கிருந்துதான் நான் ஒரு காலத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போய்வந்தேன். தங்கை கஸ்தூரியை அத்திப்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன் அம்மா போனபிறகு வீட்டுப் பத்திரத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்ன விதம் சரியில்லை என்று அவளுக்கு வருத்தம். அண்ணியும் அவளும் போனில்கூடப் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

காணும் பொங்கல் அன்று பழவேற்காட்டுக் கரைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். நான் வந்திருப்பதால் கஸ்தூரியும் வருவதாகச் சொல்லியிருந்தாள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அண்ணன் வீட்டு ஓவனை அட்டைப்பெட்டியிலிருந்து முதல்முறையாக வெளியே எடுத்து, கூடவே கொண்டுவந்திருந்த கண்ணாடி ட்ரேயில் கேக் சுட்டேன். கை சும்மா இருக்கவில்லை. ட்ரேயின் அடியில் பெயரும் கனடா போன் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டினேன். பிறகு கரைக்குப் போகவிருந்த குண்டான், சம்படம், கரண்டி எல்லாவற்றுக்கும் அவரவர் பெயரை எழுதி ஒட்டினேன். அண்ணன் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, “வுட்டா எனுக்கே சீட்டு ஒட்டி அனுப்பிடுவான் போலகீதே” என்றார். அலமாரியின் மேல்தட்டில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று தனியாக இருந்தது. மூடியில் கஸ்தூரியின் பெயர் புள்ளிப்புள்ளியாக வெட்டியிருந்தது. தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பியதாக அவள் போனில் சொல்லியிருந்த தூக்கு. இத்தனை நாளாகத் திருப்பித் தரவில்லையே என்று நினைத்தேன். அதற்கும் ஒரு சீட்டு ஒட்டி, பையில் வைத்துக்கொண்டேன்.

கரையில் நன்றாகத்தான் இருந்தது. பேச்சில்லாவிட்டாலும் அண்ணியும் கஸ்தூரியும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அண்ணி பொரித்த மீனைக் கஸ்தூரியின் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மிச்சக் கேக்கை ட்ரேயோடு அவர்களிடமே கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது, அங்கே பொது அறையில் செய்வதுபோலவே, பெயர் படித்துப் பாத்திரங்களைக் கொடுத்தேன். கஸ்தூரியின் முறை வந்ததும் தூக்கை நீட்டினேன். அவள் வாங்கிய கையோடு மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள்.

“அண்ணி குடுக்கச் சொன்னாங்களா?”

“நான்தான் எடுத்துக்கினு வந்தேன். உன்னுதுதானே?”

“என்னுதுதான்” என்றாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை அண்ணி அடுப்புக்கு முன்னால் நின்றபடியே என்னிடம் கேட்டார். “ஒரு வார்த்த கேட்டியா தம்பி? நாலு பேர் முன்னால, காலியாவா குடுப்ப?”

“ரொம்ப நாளா இங்கயே இருந்துச்சேன்னு...”

“இருக்கட்டும்னுதானே வெச்சிருந்தேன். புது அரிசி இடிச்சி எதுனா செஞ்சி, அத்த எடுத்துக்கினு நானே அவ ஊட்டு வாசல்ல போயி நிக்கலாம்னு இருந்தேன். அந்தத் தூக்கு இல்லாம இனிமே இன்னான்னு சொல்லிக்கினு போவேன்?”

எங்கள் பக்கத்தில் பாத்திரம் காலியாகத் திரும்பினால், இனி உன்னோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று பொருள். கேரலின் ட்ரேயைப் பார்த்து மலர் கேட்டதும் அதைத்தான். நான் அதை அங்கே மறந்துவிட்டு, மறந்தவனாகவே இங்கே வந்திருக்கிறேன். ஐந்து வருடமாக இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே மிஞ்சியிருந்தது, யாராவது ஒருவர் வீட்டில் தங்கிப்போன ஒரு பாத்திரம்தான். அதைத் தேதி போட்டு அனுப்பிவைத்துவிட்டேன்.

புதன்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை காலை அத்திப்பட்டுக்குப் போனேன். கஸ்தூரி கதவைத் திறந்து, என் கைகளைப் பார்த்தாள்.

“வாண்ணா. ட்ரே கேட்டு வந்தியா? நெம்பர்கூட எழுதிக்கீறியே. போன் பண்ணா கனடாவுலதானே அடிக்கும்?”

“ட்ரேக்கு வரலம்மா. தூக்க அண்ணி அனுப்பல. அவங்க வேற எதுக்கோ பத்திரமா வெச்சிருந்தாங்க. நான்தான் தெரியாம எடுத்துட்டேன்.”

“தெரியாமயா? நீயும் அந்த ஊட்ல பொறந்தவன்தானே?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணி சொன்னதை, புது அரிசியிலிருந்து வாசலில் வந்து நிற்பதுவரை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். என் ட்ரே நிறைய உரித்த சின்ன வெங்காயம் கிடந்தது. அடுப்பில் இறால் தொக்கு கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சூடாகத் தூக்கில் ஊற்றி, மூடியை உள்ளங்கையால் அழுத்தினாள்.

“அண்ணிக்குக் குடு. தூக்க நீ திருப்பி எடுத்துக்கினு வராத. அவங்க எடுத்துக்கினு வரட்டும்.”

“சரி.”

“வழியில எதுவும் எழுதி ஒட்டிடாத.”

அண்ணன் வீட்டுக்குத் திரும்ப, கவரைப்பேட்டைக்கு ரயில். பெட்டி நிறைய ஷிப்டுக்குப் போகிற வடமாநிலத்துப் பையன்கள், ஆளுக்கொரு சோற்று டப்பாவோடு. தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரம்மா மூக்கை உறிஞ்சினார்.

“எறா வாசன தூக்குதே. யாருதுப்பா?”

“தங்கச்சி செஞ்சது.”

“யாருக்கு எடுத்துக்கினு போற?”

“அண்ணிக்கு.”

“உனுக்கு?”

“நான் நாளைக்கு ஊருக்குப் போறேம்மா” என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. தூக்கின் அடிச்சூடு பேண்டைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. சுட்டது. இறக்கி வைக்க இடம் இருந்தும், நான் இறக்கி வைக்கவில்லை.