அரைப்புள்ளியும் புதன்கிழமை பீரியடும்

1. பின் பெஞ்சிலிருந்து

"புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. அதைப் பாதியாக்கவும் முடியாது" என்று திலகம் சொல்லி முடித்ததும், என்னுடைய ஒன்பதாம் வகுப்பில் ஒரு கை உயர்ந்தது.

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். திலகம் டிரெய்னிங் காலேஜ் மாணவி, சேலத்துப் பக்கம். ஆசிரியர் வேலைக்குப் படிப்பவர்கள் வருஷத்தில் சில வாரம் எங்கள் பள்ளிக்கு வந்து பாடம் எடுத்துப் பழக வேண்டும். 'டீச்சிங் பிராக்டிஸ்' என்பார்கள். அன்று அவளுக்கு மார்க் போட அவர்கள் காலேஜ் கணக்கு லெக்சரர் சபாபதி சார் வந்திருந்தார். அவரும் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

கை தூக்கியவள் உமையாள். செட்டிமார் வீட்டுப் பெண். வகுப்பில் வாய் திறக்கிற பிள்ளை இல்லை.

"அரைப்புள்ளி உண்டுல்ல டீச்சர்?" என்றாள்.

"இல்லை. புள்ளியில பாதி கிடையாது."

"எங்க ஆத்தா அரைப்புள்ளிதானே?"

வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் குனிந்துகொண்டார்கள். திலகம் சாக்பீஸைப் பிடித்தபடி முழித்தாள். பாவம், சேலத்துக்காரிக்கு என்ன தெரியும்? எங்கள் ஊரில் புள்ளி என்றால் கரும்பலகையில் வைக்கிற பொட்டு மட்டும் இல்லை. நகரத்தார், அதாவது செட்டிமார், கோயில் வரிக் கணக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. ஆத்தா என்று உமையாள் சொன்னது அவள் அம்மாவை. அவள் அப்பா பினாங்கில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி இதை எடுத்துச் சொன்னதும் திலகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு உமையாளின் பெஞ்சுக்குப் போய் நின்றாள். மணி அடித்தது.

வராந்தாவில் சபாபதி சார், "கிளாஸ் கண்ட்ரோல் போயிடுச்சுங்க. பாஸ் போடறது கஷ்டம்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காரணம் இருக்கிறது. இந்த மார்க் போடும் பாடத்துக்கு ஒரு ரகசிய ஏற்பாடு உண்டு. டிரெய்னிங் மாணவிகள் அதே பாடத்தை அதே வகுப்பில் முதல் நாளே ஒருமுறை நடத்தி விடுவார்கள். மறுநாள் லெக்சரர் வந்து உட்காரும்போது எல்லாக் கையும் சேர்ந்து உயரும், எல்லாப் பதிலும் சரியாக வரும். எங்கள் பிள்ளைகள் இதில் தேர்ந்த நடிகைகள். "டீச்சர், நாளைக்கும் இதே கேள்விதான் கேப்பீகளா, இல்ல மாத்துவீகளா?" என்று விசாரித்து வைத்துக்கொள்வார்கள். மறுநாளைக்கு என்று ஒரு தப்புப் பதிலைக்கூட ஒருத்திக்கு ஒதுக்கியிருப்பார்கள், அப்போதுதான் இயற்கையாக இருக்குமாம். திலகம் மட்டும் ஒத்திகை பார்க்காமல் வந்தவள்.

"சார், இத்தனை வருஷமா உங்க காலேஜ் பிள்ளைக இங்குட்டு வந்து பாடம் எடுக்குறாக. எங்க பிள்ளைக தானா யோசிச்சுக் கேட்ட முத கேள்வி இதுதான். அதுக்கு ஃபெயிலா?" என்றேன்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா இதை எங்க காலேஜ்ல வந்து யார் சொல்லிக் குடுப்பா?"

"நான் வர்றேன். என் கிளாஸை யார் பாப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பாக்கறேன்" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம், இரண்டு பேரும். திலகத்துக்கு மார்க் போடுவதைத் தள்ளி வைத்தார். இன்னொரு பாடம் எடுக்கட்டும், அதைப் பார்த்துப் போடலாம் என்று முடிவானது.

2. இடம் மாறிய இருவர்

புதன்கிழமை மூன்றாவது பீரியடில் அவர் என் ஒன்பதாம் வகுப்புக்கு வருவார். அதே நேரத்தில் நான் ரயில்வே லைனைத் தாண்டிக் காலேஜுக்குப் போய், கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவருடைய மாணவிகளுக்குப் பாடம் எடுப்பேன். அப்போதிருந்த தலைமையாசிரியை தலையாட்டினார், காலேஜ் பிரின்சிபாலும் தலையாட்டினார். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சில வாரங்கள் இரண்டு இடத்திலும் சொதப்பல்தான். சார் போர்டு நிறைய எழுதித் தள்ளினார், பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் காப்பி அடித்தார்கள். "சார் நல்லா எடுக்குறாரு டீச்சர், ஒண்ணும் புரியல" என்று எனக்கு ரிப்போர்ட் வந்தது. காலேஜில் என் நிலைமை இன்னும் மோசம். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று பத்து வருஷமாக ரூல் சொல்லிக் கொடுத்தவள் நான். முதல் நாளே ஒரு மாணவி எழுந்து, "ஏன் டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அடுத்த புதன்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் லேப் பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறிப்போகிற வரை அந்த மைனஸோடு நாங்கள் இருவரும் மல்லுக்கட்டினோம். அவருக்குக் காரணம் தெரியும், அதைப் பதிமூன்று வயசுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. எனக்குப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும், காரணம் தெரியாது. நான் மைனஸ் இரண்டை மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று இறங்கிவரும் எண்களால் வரிசையாகப் பெருக்கி எழுதினேன், அவர் அதற்குப் பின்னால் இருக்கும் விதியை எழுதினார். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டியபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதிலிருந்து புதன் சாயங்காலம் லேப் பெஞ்சு எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. டிரெய்னிங் மாணவிகளும் வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஒத்திகை பார்க்கிற பழக்கம் தானாகவே நின்றது. ஒத்திகை பார்த்த பாடத்தைப் பற்றி லேப் பெஞ்சில் பேச ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் சார் கோடை விடுமுறையில் யுனிவர்சிட்டி நடத்திய சம்மர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க் 'கணம்', அதாவது செட் தியரி, படித்துவிட்டு வந்திருந்தார். புதுக் கணக்கு என்று ஊரெல்லாம் பேச்சு, ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில் அது ஏறுவதற்கு இன்னும் சில வருஷம் இருந்தது. எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். திலகத்தின் இரண்டாவது பாடம் அதுதான்.

அவள் மா, பலா, வாழை என்று ஆரம்பிக்கவில்லை. "அவங்கவங்க வீட்டுல இருக்கறவங்களை ஒரு கணமா எழுதுங்க" என்றாள். எல்லோரும் எழுதினார்கள். உமையாள் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஆத்தாவ எழுதலாமா? பாதின்னு எப்படி எழுதுறது?"

திலகம் இந்த முறை முழிக்கவில்லை. நேராகப் போர்டுக்குப் போனாள். "கணத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒருத்தர் அதுல உறுப்பா, இல்லையா? உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லை. பாதி உறுப்புன்னு கணக்குல ஒரு பேச்சே கிடையாது. உங்க அம்மா அந்த வீட்டுல இருக்காங்களா, இல்லையா?"

"இருக்காக."

"அப்ப எழுது."

உமையாள் எழுதினாள். முதல் பெயராக எழுதினாள். பின் பெஞ்சில் சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திலகம் நல்ல மார்க்கோடு பாஸ் செய்தாள்.

3. புகார்

எதுவும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அரசாங்கத்துக்கும் விதிக்கும் பொறுக்காது. அடுத்த வருஷம் அதே பிள்ளைகளோடு நானும் புதன்கிழமையும் பத்தாவதுக்கு ஏறினோம். அப்போது சபாபதி சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று பேச்சு அடிபட்டது. எங்கள் தலைமையாசிரியை ஓய்வு பெற்றார். புதிதாக வந்த அம்மா நாகர்கோவில்காரர். கண்டிப்பானவர், உழைப்பாளி, எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டைத் தவிர வேறு எதையும் நம்பாதவர்.

"ஒரு வகுப்புக்கு ரெண்டு டீச்சரா? யார் பொறுப்பு? ரிசல்ட் குறைஞ்சா டிரெய்னிங் காலேஜா வந்து பதில் சொல்லும்?" என்று வந்த வாரமே கேட்டார்.

கேள்வியில் தப்பு இல்லை. பதில் சொல்லி அவரைச் சரிக்கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் புகார் வந்துவிட்டது.

கோயில் திருவிழாவுக்காகப் புள்ளி கணக்கெடுக்க உமையாளின் பெரியப்பச்சி, அதாவது அவள் அப்பாவின் அண்ணன், அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "இந்த வீட்டுல அரைப்புள்ளி" என்று கூட வந்தவரிடம் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து உமையாள், "எங்க ஆத்தா முழுசு பெரியப்பச்சி. பாதி உறுப்புன்னு கிடையாது, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாக" என்று குரல் கொடுத்திருக்கிறாள். பெரியவர் அங்கிருந்து நேராக எங்கள் பள்ளிச் செயலாளரிடம் போய்விட்டார். "ஊர் வழக்கத்த மாத்துறதுக்கா பொம்பளப் பிள்ளைகளப் படிக்க அனுப்புறோம்?" என்று கேட்டாராம்.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரைப்புள்ளி என்பது கணவனையோ மனைவியையோ இழந்தவர்களுக்கு வரியில் பாதியைக் குறைக்கிற சலுகை. யாரையும் மட்டம் தட்ட வைத்தது இல்லை. ஆனால் அந்த வயசுப் பிள்ளையின் காதில் அது சலுகையாக விழவில்லை, தன் தாய் பாதியாகிவிட்டாள் என்றுதான் விழுந்தது.

தலைமையாசிரியைக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது. "இந்தப் புதன்கிழமையோட நிறுத்துங்க. அந்தப் பிள்ளையோட அம்மாவை வரச் சொல்லியிருக்கேன், மன்னிப்புக் கேட்டு முடிச்சுக்கலாம்" என்றார்.

அன்று எனக்குத் தூக்கம் இல்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தூங்கினேன், விழித்ததும்தான் யோசிக்கத் தொடங்கினேன். இது நின்றால் பிள்ளைகள் ஒத்திகைக்குத் திரும்புவார்கள், நான் ரூலுக்குத் திரும்புவேன். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

4. முழுசு

உமையாளின் தாயார் வந்தார். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. கணவர் போனபிறகு கோயிலுக்குக்கூட அதிகம் வெளியே வராதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆச்சி, எங்க டீச்சர் பாடத்துல உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கணும். அந்த வகுப்பை நிறுத்திட்டோம்" என்றார் தலைமையாசிரியை.

"எதுக்கு நிறுத்துனீக?"

"உங்க வீட்டுப் பெரியவர் புகார் சொன்னாரே?"

ஆச்சி நுனியிலிருந்து நகர்ந்து நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினார்.

"புள்ளிக் கணக்கு கோயிலுக்கு. அதை மாத்தச் சொல்லி யாரும் கேக்கல. எம் மக அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'ஆத்தா, நம்ம வீட்டுக் கணத்துல உன்னயத்தான் முதல்ல எழுதியிருக்கேன், நீ முழுசுதான்'னு சொன்னா. அவுக அப்பச்சி போனதுல இருந்து என்னய முழுசுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அந்தப் பாடத்தயா நிறுத்தப் போறீக?"

தலைமையாசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது, குரல் மட்டும் பழைய கண்டிப்போடுதான் இருந்தது.

"டீச்சர், அது எந்த பீரியட்?"

"புதன் மூணாவது பீரியட் அம்மா."

"சபாபதி சார் மாறிப் போயிட்டா யார் வருவாங்க?"

"தெரியாது அம்மா."

"அதான் உங்க தப்பு. ரெண்டு பேரோட சிநேகத்தை நம்பி ஒரு வகுப்பை நடத்துறீங்க. டைம் டேபிள்ல எழுதுங்க. அவர் பேரை எழுதாதீங்க, உங்க பேரையும் எழுதாதீங்க. 'டிரெய்னிங் காலேஜ்'னு எழுதுங்க. யார் வந்தாலும் அது அவங்க பீரியட்."

அதோடு விடவில்லை அந்த அம்மா. அன்று மத்தியானமே ரிக்‌ஷா வைத்துக் காலேஜுக்குப் போய், அவர்கள் டைம் டேபிளிலும் அதே கட்டத்தில் 'பள்ளி ஆசிரியை' என்று எழுத வைத்துவிட்டுத்தான் திரும்பினார். செயலாளரையும் பெரியப்பச்சியையும் அவரே பேசிச் சமாளித்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணியவில்லை.

சபாபதி சார் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவருக்கு முதல் வருஷம் இதில் விருப்பமே இல்லை. இருந்தாலும் டைம் டேபிளில் இருந்ததால் புதன்கிழமை வந்தார். வந்து வந்து, விருப்பமும் வந்தது. பிறகு எங்கள் சயின்ஸ் டீச்சரும் அதேபோல் ஒரு பீரியட் வாங்கிக்கொண்டார். எழுபதுகளில் புதுக் கணக்குப் புத்தகம் வந்தபோது மற்ற பள்ளிகள் திண்டாடின, எங்கள் லேப் பெஞ்சில் அது பழைய கதையாகியிருந்தது.

இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல யோசனை வந்தால் நல்லவர்களைத் தேடுங்கள், சரி. ஆனால் அவர்கள் ஊரில் இருக்கும்போதே அதற்கு டைம் டேபிளில் ஒரு கட்டம் வாங்கிவிடுங்கள். நமக்குப் பின்னால் வருகிறவர் நம்மைப் போல இருக்க வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தில் வந்து நின்றால் போதும்.

அன்று ஆச்சி கிளம்பும்போது வாசலில் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "நானும் ஒரு நாள் பின்னால உக்காந்து கேக்கலாமா?"

அடுத்த புதன்கிழமை வந்தார். நான் அன்று காலேஜுக்குச் சற்றுத் தாமதமாகக் கிளம்பினேன். திலகம் வேலை கிடைத்துச் சேலம் போய்விட்டிருந்தாள். சபாபதி சாரோடு அன்று பாடம் எடுத்துப் பழக வந்திருந்த புது டிரெய்னிங் மாணவி, பழக்கம் இல்லாததால், பாடத்துக்கு முன் தலையை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ரிஜிஸ்டர்ல இருக்கறதை விட ஒண்ணு கூட வருதே" என்றாள்.

உமையாள் எழுந்து நின்றாள்.

"சரியாத்தான் எண்ணியிருக்கீக டீச்சர். எங்க ஆத்தா ஒண்ணு."