எதிரே வரக்கூடாத ஆராயி

முருகவேலுக்கு ஒரு கோபம் இருக்கிறது. நேற்று முளைத்த கோபமில்லை. பல வருஷமாகச் சாம்பலுக்கு அடியில் கிடக்கிற கங்கு மாதிரி, ஊதினால் இன்றைக்கும் பற்றிக்கொள்ளும்.

வேங்கிக்கால் ஏரிக்கரை மைதானத்து வாசலில் ஒரு நாள் காலையில் அது ஆரம்பித்தது. வேனின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. உள்ளே ‘வேங்கை லெவன்’ கால்பந்து டீம் பசங்கள் மொத்தமும் உட்கார்ந்திருந்தார்கள். வேலூரில் ஃபைனல். முருகவேல் சாவியைத் திருகினான். வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்காது.

“நிறுத்துணா! நிறுத்து, நிறுத்து!” என்று முன்சீட்டிலிருந்து கத்தினான் கோபி. அவன்தான் டீம் செக்ரட்டரி.

எதிரே லாரி வந்துவிட்டதோ என்று முருகவேல் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தான். லாரியும் இல்லை, மாடும் இல்லை. வந்தது ஆராயி. கையில் ஒரு துணி மூட்டை. மூட்டையில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வழியில் பசங்கள் உரித்துத் தின்னட்டும் என்று விடிவதற்கு முன்னால் எழுந்து அவித்துக் கொண்டுவந்திருந்தாள். துணிக்கு மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது.

“எல்லாரும் எறங்குங்கடா,” என்றான் கோபி. “கொஞ்ச நேரம் உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஏறுங்க.”

தாலி அறுத்தவள் எதிரே வந்துவிட்டாள். இனிமேல் போகிற காரியம் விளங்காது. அதற்குப் பரிகாரம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது. பந்தைத் துரத்தி ஓடுகிற அத்தனை காளைகளும் இறங்கி, மதில் ஓரமாகக் குந்தி, ஒரே பாட்டிலைக் கை மாற்றிக் கை மாற்றிக் குடித்தார்கள். ஆராயி மூட்டையோடு நடுரோட்டில் நின்றாள். ஒருத்தனாவது அவள் முகத்தைப் பார்த்தானா? பார்க்கவில்லை. மூட்டையை வாங்கினானா? வாங்கவில்லை. முருகவேல்தான் இறங்கிப் போய் வாங்கித் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். வேலூர் போய்ச் சேரும்வரைக்கும் அது சூடாகவே இருந்தது. அவனும் சூடாகவே இருந்தான்.

யார் இந்த ஆராயி? கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். புருஷன் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் அவள் வருகிற பக்கம் வழி விட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்கு ஒதுங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவன்கூட, “அக்கா, நீ கொஞ்சம் உள்ள இரு,” என்பான். மகள் தேவிப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வேங்கிக்காலுக்கு வந்து, ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, காலையில் புது வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் மல்லாட்டை விற்றாள்.

கால்பந்து அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பத்துப் பதினைந்து தடியன்கள் ஒரு உருண்டைக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்ற அளவுக்குத் தெரியும். அப்போது ஒரு நாள் பிரகாஷ் அடித்த பந்து கோல்போஸ்ட்டுக்குப் போகாமல் நேராக இவள் கூடைக்கு வந்தது. கூடை கவிழ்ந்து மல்லாட்டை முழுக்க மண்ணில் இறைந்தது. ஆராயி எழுந்தாள். பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, பந்த குடுக்கா. மேட்ச் நடக்குது.”

“நடக்கட்டும். ஒண்ணு விடாம பொறுக்கிப் போட்டுட்டு வாங்கினு போ.”

“ரெஃப்ரி விசில் அடிக்கறாருக்கா.”

“அவரையும் வந்து பொறுக்கச் சொல்லு.”

வேறு பந்து இல்லை. வேங்கை லெவனும் எதிர் டீமும் அவள் முன்னால் மண்டி போட்டு மல்லாட்டை பொறுக்கின. ரெஃப்ரியும் குனிந்தார். பொறுக்கி முடித்து, பிரகாஷ் மண்ணை ஊதி ஊதிக் கூடையில் போட்டுவிட்டு, “மன்னிச்சுக்கக்கா,” என்றான். அன்றைக்கு வேங்கை லெவன் மூன்று கோல் வாங்கித் தோற்றது.

மறுநாள் ஆராயி முதல் ஆளாக வந்து முருகவேலிடம் கேட்டாள்: “நேத்து அந்தப் பசங்க ஏன் தோத்தாங்க? என்னால லேட்டாச்சே, அதனாலயா?”

“அவனுங்க எப்பவும் தோக்கற கட்சிதாங்க்கா. உன்னால ஒண்ணும் இல்ல.”

“அப்ப அடுத்த தடவ ஜெயிக்கணும் இல்ல?” என்றாள்.

அவ்வளவுதான். மாட்டிக்கொண்டாள். இதெல்லாம் யோசித்து, அலசிப் பார்த்து, நல்ல டீமாகப் பொறுக்கி எடுத்து வருவதில்லை. அம்மை போடுகிற மாதிரி. யாருக்கு எந்த நாளில் போடும் என்று தெரியாது. போட்டுவிட்டால் தழும்பு சாகிறவரைக்கும் போகாது. முருகவேலுக்கும் அப்படிப் போட்டதுதான். சவாரி கூப்பிட்டார்களே என்று ஒரு தடவை போனவன், டீசல் காசுக்கு மட்டும் வண்டி ஓட்டுகிறவனாக ஆகிப்போனான். கோபிக்கும் ஒரு வெளிநாட்டு டீம் இருக்கிறது. அது தோற்றால் அன்றைக்கு அவன் சோறு தின்ன மாட்டான். கோபி என்று ஒருத்தன் பட்டினி கிடப்பது அந்த டீமுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் வேங்கை லெவனுக்கு ஆராயியைத் தெரியும். தெரிந்தும் செய்தார்கள். அதுதான் முருகவேலுக்கு வயிறு எரிகிறது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த மைதானம் பஸ் நிறுத்துகிற இடமாகிவிடும். மலை சுற்ற வருகிற ஜனத்தைக் குறை சொல்ல முடியாது, அது சாமி காரியம். ஆனால் மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். சக்கரம் அழுந்திய பள்ளம், எச்சில் இலை, கண்ணாடிச் சில்லு. கார்த்திகை தீபம் முடிந்தால் கேட்கவே வேண்டாம். டீமுக்கு வாழ்நாள் ரசிகன் என்று போனில் போட்டோ போடுகிற ஒரு பயல் வர மாட்டான். ஆராயி முறமும் துடைப்பமுமாக வருவாள். கோல்போஸ்ட் பக்கம் குந்திக் குந்தி நகர்ந்து சில்லு பொறுக்குவாள். “கீப்பர் புள்ள விழுந்து பொரள்ற எடம். குத்திடும்,” என்பாள். மைதானத்தைப் பெருக்க அந்தக் கை ஆகும். வண்டிக்கு முன்னால் வர அந்த முகம் ஆகாதாம்.

வேலூர் ஃபைனலில் கடைசியில் ஒரு பெனால்டி கிடைத்தது. பிரகாஷ் அதை ஆகாசத்துக்கு அடித்தான். தோற்றுத் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து ஒருத்தன், “காலைலயே தெரியும்டா,” என்றான். முருகவேல் கண்ணமங்கலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான்.

“எவன்டா அது? இன்னா தெரியும் உனுக்கு?”

கோபிதான் மெதுவாக ஆரம்பித்தான். “ணா, கோவப்படாத. அந்தக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. நாம வெளியூர் போற அன்னிக்கி, வண்டி கெளம்பற வரைக்கும் எதுத்தாப்புல வர வேணாம்னு. மத்த நாள்ல மேட்ச் பாக்கட்டும். யார் வேணாம்னாங்க?”

“பந்த ஆகாசத்துக்கு அடிச்சது ஆராயியா?”

“எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லணா. பசங்க பயப்படறாங்க.”

“பசங்க பயப்படறாங்களா, நீ பயப்படறியா? டீமு உங்கப்பன் வீட்டு சொத்தாடா?”

“ஜாஸ்தி பேசறணா.”

“கம்மியாத்தான்டா பேசறேன். படிச்சவனாச்சேன்னு.”

முருகவேல் ஆராயியிடம் அதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு சேதியைச் சுமந்துபோக அவன் என்ன தபால்காரனா? ஆனால் சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்தை இந்த ஊரில் யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில் சொல்லிவிட்டது.

அடுத்த தடவை வண்டி புறப்படும்போது அவளைக் காணோம். முருகவேல் கண்ணாடியில் தேடினான். மைதானத்து டீக்கடைக்குப் பின்னால், காலி கேஸ் சிலிண்டர் வைக்கிற சந்தில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இறங்கிப் போனான்.

“இங்க இன்னாக்கா பண்ற?”

“ஒண்ணும் இல்ல. வண்டி போவட்டும். அப்பறமா வரேன்.”

“உனுக்கு ரோஷமே இல்லியாக்கா?”

“ரோஷப்பட்டா டீமை மாத்தணும் வேலு. எந்த டீமுக்குப் போவச் சொல்ற?” என்றாள். பிறகு, “பெனால்டி அடிக்கறப்ப பிரகாஷு காலு நடுங்கக் கூடாது. என்னப் பாத்துட்டு வந்தோமேன்னு நெனச்சான்னா நடுங்கும். போ, நேரம் ஆவுது. இந்தா, மல்லாட்டை. நான் குடுத்தேன்னு சொல்லாத,” என்றாள்.

அன்றைக்கும் தோற்றார்கள். அதற்கடுத்த ஊரிலும் தோற்றார்கள். ஆராயி சந்தில் நின்றாள், இவர்கள் தோற்றார்கள். அதற்கு யார் முகம் காரணம்? கோபியைக் கேட்டால், “கோச் சரியில்லணா,” என்றான்.

ஒரே ஒரு தடவை ஆரணியில் ஜெயித்தார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. போளூர் தாண்டும்போது எதிரே மேளதாளத்தோடு ஒரு பாடை வந்தது. கோபி வண்டியை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் இறங்கிக் கும்பிட்டான். “பொணம் எதுத்தாப்புல வருதுடா! இதவிட நல்ல சகுனம் வேணுமா? இன்னிக்கி கப்பு நமக்குத்தான்!” என்றான். ஒரு கோலில் கப்பு வந்தது. முருகவேல் திரும்பி வந்து இதைச் சொன்னபோது ஆராயி மடியிலிருந்த மல்லாட்டை சிதறுகிற மாதிரி சிரித்தாள். “யாரு வூட்டுப் பொணமோ, புண்ணியம் கட்டிக்கிச்சு,” என்றாள்.

இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து அவள் மைதானத்துக்கு வரவில்லை. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று தேவிப்ரியாவுக்கும் தெரியும், முருகவேலுக்கும் தெரியும். ஆராயிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

இந்த வருஷம் பார்த்து வேங்கை லெவன் மறுபடி வேலூர் ஃபைனலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி. பிரகாஷ்தான் இப்போது கேப்டன். அவன் ஆராயியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, டீம் முன்னால் சொன்னான்: “ஆராயிக்காவ நாற்காலில வச்சாவது தூக்கினு வரேன். அது கையால கற்பூரம் காட்டி வண்டிய அனுப்பட்டும்.”

கோபி தலையைச் சொறிந்தான். “ஏன்டா இப்ப அது? ஜெயிச்சுட்டு வந்து பெருசா சால்வை போத்தலாம். போட்டோ எடுக்கலாம். கெளம்பற நேரத்துல மட்டும் வேணாம்.”

“சால்வை போத்த ஆவும், கற்பூரம் காட்ட ஆவாதா?” என்று கேட்டான் முருகவேல்.

“ஃபைனல்ணா. ரிஸ்க் எடுக்க முடியுமா?”

பிரகாஷ் மற்ற பசங்களைப் பார்த்தான். ஒருத்தன் ஷூ லேசைக் கட்டினான். ஒருத்தன் போனை நோண்டினான். அவளிடம் வாங்கித் தின்ற மல்லாட்டைத் தோலைக் குவித்தால் ஒரு குப்பை மேடு வரும். முருகவேல் சாவியைத் தூக்கிக் கோபி மேல் வீசியிருப்பான். பிரகாஷ் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சூட்டோடு முருகவேல் நேராக ஆராயி வீட்டுக்குப் போனான். வியாழக்கிழமை சாயங்காலம். பாயில் ஒரு கைப்பிடி எலும்பாகக் கிடந்தாள். தேவிப்ரியா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னா வேலு, மூஞ்சி இப்படி இருக்குது? கோபி ஆவாதுன்னுட்டானா?”

“அவன் இன்னா சொல்றது? நான் வண்டிய உன் தெரு வழியா எடுத்துனு வரேன். நீ வாசப்படில உக்காரு. எவன் எறங்கித் தண்ணி குடிக்கறான்னு பாக்கறேன்.”

“வேணாம். பசங்க மனசு கலங்கும்.”

“இன்னும் பசங்க பசங்கன்னு சாவறியேக்கா.”

“பின்ன யாருன்னு சாவ?” என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணைத் திறந்தாள். அதில் பழைய ஆராயி இருந்தாள், பந்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்ற ஆராயி.

“ஏன் வேலு, ஆரணி போறப்ப பொணம் எதுத்தாப்புல வந்துச்சுன்னு கோபி கீழ எறங்கிக் கும்பிட்டான்னியே, நெஜந்தானா?”

“செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டான்.”

“அப்ப நான் உசுரோட வந்தாத்தான் ஆவாது.”

“அம்மா, வாய வச்சுனு சும்மா இரும்மா,” என்று தேவிப்ரியா கஞ்சியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீ சும்மா இருடி. நான் எப்பிடியும் ரெண்டு நாளுக்கு மேல தாங்க மாட்டேன், அது எனக்குத் தெரியுது,” என்றாள் ஆராயி. முருகவேலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

“ஞாயித்துக்கிழம வண்டி ஓட்டறதுக்கு வேற டிரைவர் வச்சுக்கச் சொல்லு. நீ இந்தப் பக்கம் வந்து எனக்குத் தோள் குடு. அவங்க எலுமிச்சம்பழம் வச்சு, கற்பூரம் காட்டி, கெளம்பற நேரமா பாத்து, என்னக் கிரவுண்டு வாசலுக்கு எதுத்தாப்புல தூக்கினு வா, வேலு. சந்து வழியா வேணாம். நடுரோட்டுல தூக்கினு வா.”